சொம்பு யார் கையில்: ஒரு பாத்திரப் பெயரின் நிகழ்வு ஆய்வு

ஒரு நடிகரைப் பற்றியோ கட்சித் தலைவரைப் பற்றியோ பாராட்டாக நாலு வரி எழுதிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் "சொம்பு" என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். வாதம் கிடையாது, விளக்கம் கிடையாது, ஆனாலும் சொல்ல வந்தது முழுசாகப் போய்ச் சேர்ந்துவிடும்: நீ இன்னாருக்கு அடிவருடி. தண்ணீர் மொள்ளும் பாத்திரத்தின் பெயர் இந்த வேலைக்கு எப்படி வந்தது என்பதுதான் இங்கே வழக்கு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாத்திரம் சும்மாதான் இருந்தது. அதை யார் தூக்கினார்கள், யாருக்காகத் தூக்கினார்கள், ஊர் அதை எந்தக் காட்சியில் பார்த்துப் பழகியது என்பதில்தான் வசவு பிறந்தது. பக்கத்து மொழிகளில் இதே பாத்திரம் வேறு வேறு வசவாகி இருக்கிறது, அதை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்.

உலோகம் பாத்திரமானது

சொம்பின் எழுத்து வடிவம் செம்பு. அந்தச் செம்பு தமிழில் முதலில் பாத்திரமே இல்லை, உலோகம். செம்மை, சிவப்பு, செந்தாமரை எல்லாம் எந்த வேரோ அதே வேர். நெடுநல்வாடையில் அரண்மனைச் சுவரைச் சொல்லும் இடத்தில் "செம்பு இயன்று அன்ன" என்று வருகிறது, செம்பால் செய்து வைத்தது போன்ற சுவர் என்று. செப்பேடும் செப்புத் திருமேனியும் இந்த உலோகக் கணக்கில்தான் சேரும்.

உலோகத்தின் பெயர் பாத்திரத்துக்கு வந்த வழியில் மர்மம் ஒன்றும் இல்லை. செம்பால் செய்த குடுவையைச் செம்புக் குடுவை என்று முழுநீளத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்க வீட்டில் யாருக்குப் பொறுமை? செம்பு என்றால் போதும். எவர்சில்வருக்கும் நம் கண்முன்னாலேயே இது நடந்தது. துருப்பிடிக்காத எஃகுக்கு அந்தப் பெயர் ஒட்டியது, அப்புறம் "எவர்" உதிர்ந்தது, இப்போது சில்வர் டம்ளர், சில்வர் தட்டு, சில்வர் குடம். அதில் வெள்ளி ஒரு குன்றிமணி அளவுகூடக் கிடையாது.

தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தச் சொல் பாத்திரத்தோடு தங்கிவிட்டது. உலோகத்துக்குத் தெலுங்கில் ராகி, கன்னடத்தில் தாம்ர. அதனால் தெலுங்குக்காரர் "ராகி செம்பு" என்று கூசாமல் சொல்லலாம். நாம் அதையே சொல்லப் போனால் "செம்புச் சொம்பு" என்று நாக்கு இடறும், அதற்காகத்தான் பாத்திரக் கடையில் "காப்பர் சொம்பு" என்று கேட்கிறோம். மலையாளத்தில் செம்பு இன்னும் உலோகம்தான். பாத்திரமாகும்போது பெரிதாகிவிடுகிறது, கல்யாண வீட்டில் பிரியாணி வேகும் அண்டா அளவுக்கு. ஒருவரின் வேஷம் கலைந்தால் அங்கே "செம்பு தெளிந்தது" என்பார்கள். தங்க முலாம் போய் உள்ளே கிடந்த செம்பு தெரிந்துவிட்டது என்று பொருள். நாம் சாயம் வெளுத்தது என்கிறோம்.

தமிழுக்கு உலோகமும் வேண்டியிருந்தது, பாத்திரமும் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் ஒரே சொல். இந்த இடத்தில் பேச்சுத் தமிழ் ஒரு வேலை செய்தது. பெட்டி பொட்டியானது, பெண் பொண்ணானாள். உதடு சேர்ந்து ஒலிக்கும் எழுத்து பக்கத்தில் இருந்தால் எகரம் ஒகரமாக உருள்வது நம் வாயின் பழக்கம். செம்பில் மகரமும் பகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன, சொம்பு ஆகிவிட்டது. கன்னடப் பேச்சிலும் இதே மாதிரி "சொம்பு" உண்டு. ஆனால் தமிழில் உருண்டது பாத்திரம் மட்டும்தான். எந்த எலக்ட்ரிகல் கடையிலும் யாரும் சொம்புக் கம்பி கேட்பதில்லை, செம்புக் கம்பி அல்லது காப்பர் ஒயர். எழுத்தில் ஒரு சொல்லாக இருந்தது பேச்சில் இரண்டாகப் பிரிந்து, உலோகம் ஒரு பக்கம், பாத்திரம் ஒரு பக்கம் போய்விட்டது.

தெற்கே பல ஊர்களிலும் யாழ்ப்பாணத்திலும் பாத்திரத்தையே இன்னும் செம்பு என்றுதான் சொல்கிறார்கள், அது வேறு விஷயம். வசவு மட்டும் எங்கும் ஒகரத்தில்தான் ஓடுகிறது. "சொம்பு தூக்கி" என்ற வசவைச் "செம்பு தூக்கி" என்று எழுதிப் பாருங்கள், ஏதோ சித்த மருத்துவக் குறிப்பு மாதிரி இருக்கிறது. உலோகத்தின் கனம், செப்பேட்டின் மரியாதை எல்லாம் எகரத்தோடு போய்விட, வீட்டில் புழங்கும் சொம்பு லேசாகிக் கைக்கு வந்துவிட்டது. கேலிக்கு அந்த லேசு தேவைப்பட்டது.

செம்பு இல்லாத சொம்பு

பெயரிலிருந்து உலோகம் எவ்வளவு தூரம் கழன்று போனது என்று பார்க்க ஈயச் சொம்பைவிட நல்ல சாட்சி கிடையாது. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் ரசம் வைக்கும் பாத்திரம். செய்வது வெள்ளீயத்தில். பெயரைப் பிரித்துப் பார்த்தால் "ஈயத்தால் ஆன செம்பு", உலோகக் கணக்கில் அபத்தம். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் அது உறுத்துவதே இல்லை, ஏனென்றால் சொம்பு என்பது அதற்குள் ஒரு உருவத்தின் பெயராகிவிட்டது. அகன்ற வயிறு, ஒடுங்கிய கழுத்து, வெளியே மடிந்த வாய். எதில் செய்தாலும் சொம்புதான்.

ஈயச் சொம்பு பழகத் தெரியாதவரிடம் தங்காது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், அடுப்புத் தீ அதைத் தாண்டிச் சர்வசாதாரணமாகப் போகும். அதனால் முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பார்கள். உள்ளே தண்ணீர் இருக்கிற வரைக்கும் சூடு நூறு டிகிரியைச் சுற்றியே நிற்கும், சொம்பு பிழைக்கும். தீயும் அடக்கமாக எரிய வேண்டும், பக்கவாட்டில் ஏறக்கூடாது. வெறும் சொம்பை ஏற்றிவிட்டு உப்பு ஜாடியைத் தேடப் போனவர்கள் திரும்பி வரும்போது அடி கழன்று, பர்னரில் வெள்ளை வெள்ளையாக உருண்டை கிடக்கும். அந்தக் காலத்து மாமியார்கள் மருமகளிடம் ஈயச் சொம்பை ஒப்படைப்பதற்கு நாள் எடுத்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது.

வெள்ளிச் சொம்பு, பித்தளைச் சொம்பு, எவர்சில்வர் சொம்பு, பிளாஸ்டிக் சொம்பு. வரிசை இப்படிப் போனது. "பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவர்கள் தலைமுறைச் சொத்தை எடைக்கு வாங்கிப் போனார்கள். ஈயம் பூச வேண்டாம், புளி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று எவர்சில்வர் வந்து உட்கார்ந்தது. 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை ஸ்டெயின்லெஸ் தகடு தயாரிக்கத் தொடங்கிய பிறகு அது இன்னும் நம்மூர்ச் சரக்காகிவிட்டது.

வீட்டுக்குள் சொம்பு பார்த்த வேலைகளையும் சொல்லியாக வேண்டும். மாவிலையும் தேங்காயும் ஏற்றிக் கலசமாக உட்காரும். காசிக்குப் போனவர் கங்கை நீரை வாய் அடைத்த சின்னச் சொம்பில் கொண்டு வந்து உறவுக்காரர்களுக்குக் கொடுப்பார். கல்யாண வாசலில் பன்னீர்ச் சொம்பு. சினிமா முதலிரவு அறைக்குள் பால் சொம்பு. இன்னொரு பக்கம், கொல்லைக்கோ காட்டுக்கோ எடுத்துப் போக என்று ஒரு நசுங்கிய சொம்பு வீட்டுக்கு வெளியே தனியாகக் கிடக்கும், அதை மறந்தும் அடுப்படிக்குள் கொண்டுவரக் கூடாது. தண்ணீர் கொண்டுவரும் பிள்ளை கட்டை விரலை வாய்க்குள் விட்டுத் தூக்கினால் திட்டு விழும், கழுத்தைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். குடிப்பவர் உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்க வேண்டும். யார் சொம்பை யார் தொடலாம், யாருக்குச் சொம்பையே கொடுப்பார்கள், யாருக்குக் குனிந்து நின்ற கைகளில் மேலிருந்து ஊற்றுவார்கள் என்பதில் சாதி அப்பட்டமாக இருந்தது. டீக்கடை இரட்டைக் குவளைக்கு முன்னாலேயே இந்தச் சொம்பு ஊருக்குள் ஆள் பிரித்துக்கொண்டிருந்தது.

இத்தனை வேலைகளில் எது வேண்டுமானாலும் வசவாகியிருக்கலாம். காட்டுக்குப் போகும் சொம்பு வசவாவதுதான் எளிது என்று தோன்றும். ஆனால் அப்படி நடக்கவில்லை.

கூஜா காலி செய்த இடம்

இங்கே ஒரு முன்கதை இருக்கிறது, பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். சொம்பு தூக்கிக்கு முன்னால் தமிழில் கூஜா தூக்கி இருந்தார். கூஜா என்பது பாரசீகத்துக் கூஸா, இந்துஸ்தானி வழியாக நம் வீட்டுக்கு வந்தது. மூடி போட்ட, பிடி வைத்த தண்ணீர்ப் பாத்திரம். ரயில் பயணத்துக்கு ஏற்றது, குலுங்கினாலும் சிந்தாது. பெரிய மனிதர் வெளியூர் கிளம்பினால் அவர் கையை வீசிக்கொண்டு முன்னே நடப்பார், பின்னால் ஒருவர் கூஜாவோடு வருவார். அவருக்குச் சம்பளம் உண்டோ இல்லையோ, பெரியவர் பக்கத்தில் இருக்கிறோம் என்ற மிதப்பு உண்டு. அந்த மிதப்பைப் பார்த்து எரிச்சலானவர்கள்தான் "அவன் அவருக்குக் கூஜா தூக்குறான்" என்றார்கள். அதிகாரிக்குக் கூஜா, மந்திரிக்குக் கூஜா என்று அது பரவி, பாத்திரம் கையில் இல்லாதவர்களையும் குறிக்கத் தொடங்கியது.

அப்புறம் பிளாஸ்டிக் வாட்டர் பாட்டில் வந்தது, கூஜா பரணுக்குப் போனது. கூஜாவை நேரில் பார்க்காத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்ட பிறகு "கூஜா தூக்கி" என்றால் பொருள் தெரியும், படம் தெரியாது. கேலி படத்தில்தான் உயிர் வாழும். தூக்குதல் என்ற வினை அப்படியே இருக்க, தூக்கப்படும் பாத்திரத்துக்கு மட்டும் ஆள் தேவைப்பட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். பெரியவருக்குப் பின்னால் பொருள் ஏந்தி நிற்பது எப்போதும் இழிவாக இருந்ததில்லை. விஜயநகர அரசவையில் அரசருக்கு வெற்றிலைப் பை ஏந்துபவர் பதவிக்கு அடைப்பம் என்று பெயர், அது நம்பிக்கைக்குரியவருக்குக் கிடைக்கும் பெரிய இடம். அரசர் வாயில் போடுவதை அவர் கையிலிருந்துதான் வாங்குகிறார், சும்மாவா? அரசர் போய்த் தேர்தல் வந்த காலத்தில்தான் ஏந்தி நிற்பது கேலியாகிறது. எல்லோருக்கும் ஓட்டு ஒன்றுதான் என்ற பிறகும் இவன் ஏன் பின்னால் நிற்கிறான் என்ற கேள்வி அந்தக் கேலிக்குள் இருக்கிறது.

ஆலமரத்தடியில்

கூஜாவின் இடத்தில் சொம்பை உட்கார வைத்தது சினிமா என்பது என் கணிப்பு. 1990களின் முதல் பாதியில் ஊர்ப் பெரியவரை நடுவில் வைத்த படங்கள் வரிசையாக வந்தன: 1992இல் சின்னக் கவுண்டர், 1993இல் எஜமான், 1994இல் நாட்டாமை. இந்த வகைப் படங்களில் ஒரு பஞ்சாயத்துக் காட்சி இல்லாமல் தீராது. ஆலமரம், மேடை, தோளில் துண்டு, வாயில் வெற்றிலை, பக்கத்தில் பித்தளைச் சொம்பு. வெற்றிலை போடுகிறவருக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் வேண்டும், துப்பப் படிக்கம் வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன, சொம்பு என்றாலே துப்புகிற சொம்பு என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். ஆக, அதை எடுத்து நீட்டுகிற ஆள் கூஜாக்காரரைவிட ஒரு படி கீழே போய்விட்டார். அவர் ஏந்தியது குடிக்கிற தண்ணீர், இவர் ஏந்துவது துப்புகிற எச்சில்.

இந்தக் காட்சியைப் பிறகு நகைச்சுவைக் காட்சிகள் கிண்டலடித்துத் தீர்த்தன. மரமும் சொம்பும் இருந்தால் பஞ்சாயத்து, சொம்பை எடுத்துவிட்டால் பஞ்சாயத்து இல்லை என்கிற அளவுக்கு அந்தப் பாத்திரம் அதிகாரத்தின் முத்திரையாகி, முத்திரை என்பதாலேயே சிரிப்பாகியது. தமிழ் இணையத்தில் சண்டை மூண்டு, சமாதானம் பேச ஒருவர் வந்தால் அவர் "நாட்டாமை", அவர் கொண்டுவருவது "சொம்பு", இரண்டு தரப்பும் சேர்ந்து அவரையே மொத்திவிட்டால் "சொம்பு நசுங்கிவிட்டது". இந்தக் கட்டத்தில் சொம்பு இன்னும் நாட்டாமையின் சொத்துதான், அவருடைய கௌரவத்துக்கு மாற்றுப்பெயர்.

அங்கிருந்து பக்கத்தில் நிற்பவருக்குக் கேலி நகர்ந்ததும், கூஜா விட்டுப்போன அச்சு தயாராக இருந்தது. கூஜா தூக்கு, சொம்பு தூக்கு. மாற்ற வேண்டியது ஒரு சொல்தான். "சொம்படிக்கிறான்" என்பது வேறு அச்சில் வார்த்தது. சொம்பை யாரும் யாரையும் புகழ்வதற்காக அடிப்பதில்லை, அடிக்கிறது ஜால்ராவை. ஜால்ரா அடிப்பதிலிருந்து வினையை எடுத்துச் சொம்புக்கு மாட்டிவிட்டார்கள். பொருள் ஒன்றே என்பதால் யாருக்கும் இடிக்கவில்லை. கடைசியில் தூக்குவதும் அடிப்பதும்கூட உதிர்ந்து, ஆளே சொம்பு ஆகிவிட்டார். செம்புக் குடுவை செம்பு ஆனதும் இப்படி முன்பாதி நின்று பின்பாதி உதிர்ந்துதான்.

நாட்டாமை படத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. என்ன நடந்தாலும் கண்டுகொள்ளாமல் மிக்சர் தின்றுகொண்டே உட்கார்ந்திருக்கும் ஆள் வருவது அதன் நகைச்சுவைப் பகுதியில்தான். இன்று பொறுப்பில் இருந்துகொண்டு வேடிக்கை பார்ப்பவரை "மிக்சர் சாப்பிடுகிறார்" என்கிறோமே, அந்த மிக்சர்.

அக்கம்பக்கம்

சரி, என் கட்சிக்குச் சாட்சி. கன்னடத்தில் ஒருவருக்குச் சொம்பு கொடுத்தார்கள் என்றால் ஏமாற்றிக் கைவிரித்தார்கள் என்று பொருள். 2024 மக்களவைத் தேர்தலில் கர்நாடகக் காங்கிரஸ் இதை எடுத்துக்கொண்டு, வரிப் பங்கிலும் வறட்சி நிவாரணத்திலும் மத்திய அரசு மாநிலத்துக்குக் கொடுத்தது சொம்புதான் என்று செய்தித்தாளில் சொம்புப் படம் போட்டு விளம்பரம் செய்தது. முன்னாள் பிரதமர் தேவகவுடா பிரச்சார மேடையில் பதில் சொன்னார்: காங்கிரஸ் விட்டுப்போன காலிச் சொம்பை மோடி அட்சய பாத்திரமாக்கினார் என்று. சொம்பைத் தூக்குபவர் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை. பேச்சு முழுவதும் சொம்புக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி.

வடக்கே லோட்டா. இந்தியில் "அடி இல்லாத லோட்டா" என்றால் எந்தப் பக்கமும் உருள்கிற ஆள். உருண்டை அடி கொண்ட லோட்டா நிலையாக நிற்காது. பாகிஸ்தானில் கட்சி தாவுகிற அரசியல்வாதிக்கு நேரடியாகவே லோட்டா என்று பெயர். 2022 ஏப்ரலில் லாகூரில் பஞ்சாப் சட்டமன்றம் கூடியபோது உறுப்பினர்கள் சிலர் நிஜ லோட்டாக்களைக் கையோடு கொண்டுவந்து, அவையை நடத்த வந்த துணைச் சபாநாயகர் மீது வீசினார்கள். அங்கே எல்லோர் கண்ணும் பாத்திரத்தின் அடியில் இருக்கிறது.

ஆக, உருவம் கிட்டத்தட்ட ஒன்று, வசவு மூன்று. கன்னடத்தார் உள்ளே எட்டிப் பார்த்தார்கள், உருதுக்காரர்கள் கவிழ்த்து அடியைப் பார்த்தார்கள், நாம் பிடித்திருந்த கையைப் பார்த்தோம். நம்மூர்ச் சொம்புக்குப் பெரும்பாலும் அடி தட்டை, வைத்த இடத்தில் உட்காரும். அதனால் கட்சி தாவல் இங்கே அதற்குத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன். அதற்குத் தமிழில் பச்சோந்தி இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால் வசவு வாங்கிய இந்த உருவத்தை வெளியாட்கள் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், இங்கே தாங்கள் பார்த்த பொருள்களில் லோட்டாதான் ஆகப் பெரியது, ஆக அழகானது என்கிற அளவுக்கு எழுதினார்கள். எவ்வளவு நீர் கொள்ளும், தலையில் வைத்தால், இடுப்பில் வைத்தால், கையில் பிடித்தால் எப்படி நிற்கும், ஊற்றும்போது எப்படி விழும், கழுவ எப்படி இருக்கும் என்று கேள்வி கேள்வியாக அடுக்கினார்கள். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்ததற்கு அந்த அறிக்கை அடிப்படை. யார் யாருக்காகத் தூக்குகிறார் என்ற கேள்வி மட்டும் அவர்கள் பட்டியலில் இல்லை. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அது தோன்றாததில் ஆச்சரியமில்லை.

இப்போது

வசவாகப் புழங்கும் சொம்பு நன்றாகக் காய்த்துக்கொண்டிருக்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களிடம் சொம்பும் சோம்பும் ஒரே எழுத்துக்கூட்டில் விழுவதால், சமையல் குறிப்பில் "சொம்பு ஒரு ஸ்பூன்" என்று படித்துவிட்டு ஒரு கணம் திகைக்க வேண்டியிருக்கிறது. பாத்திரம் மட்டும் மெலிந்துவிட்டது. நகரத்துச் சமையலறையில் ஜக் இருக்கிறது, பாட்டில் இருக்கிறது. செம்பில் வைத்த தண்ணீர் நல்லது என்று மறுபடி விற்பனைக்கு வந்திருப்பதுகூட நீளமாய்த் திருகுமூடியோடு, "காப்பர் பாட்டில்" என்ற பெயரில். வசவின் சுவடே படாத பெயர், விற்பவருக்கும் வசதி.

பழைய பொருள் கெட்டியாக நிற்பது கிரகப்பிரவேசத்துக்கு ஐயர் எழுதிக் கொடுக்கும் சாமான் பட்டியலில். மஞ்சள், குங்குமம், மாவிலை, நூல்கண்டு, தேங்காய், அதற்குக் கீழே "பித்தளைச் சொம்பு 1". பகலெல்லாம் போனில் யாரையோ சொம்பு என்று திட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைதான் அந்தப் பட்டியலோடு பாத்திரக் கடைக்குப் போகிறான். கடைக்காரர் "எத்தனை லிட்டர்ல வேணும் தம்பி?" என்று கேட்கிறார்.